கட்சிக்குத் துக்கம் காத்த வருஷம்

இந்த வாவிக்கரையில் நான் கட்டின வீடுகளை வரிசையாக நிறுத்தினால் நாவற்குடாவில் தொடங்கிச் செங்கலடிச் சந்திக்கு வந்து சேரலாம். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்கும்தான் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்பை அரைவாசியில் விட்டவன் நான். பதின்மூன்று வயதில் சாந்து குழைக்கப் போனேன். இருபதில் மேசன் கரண்டி பிடித்தேன். முப்பதில் எல்லாரும் என்னைப் ‘பாஸ்’ என்று கூப்பிட்டார்கள். நாற்பதில் என்னிடம் இருபது மேசன்மார் வேலை செய்தார்கள். பாசிக்குடாவில் வெள்ளைக்காரர் வந்து குளிக்கிற ஹோட்டல் ஒன்றின் நீச்சல் தடாகம் என் ஆட்கள் வார்த்தது. இஞ்சினியர் மட்டம் பார்க்கிற கருவியை வைத்துப் பார்த்தார், நான் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தேன். இரண்டும் ஒன்றையேதான் சொன்னது. அந்த இஞ்சினியர் இப்போதும் எங்காவது கண்டால் காரை நிறுத்திக் கதைப்பார்.

மூன்று மகள்மாருக்கும் மூன்று சீதன வீடு கட்டிக் கொடுத்தேன். எங்கள் பக்கம் வீடு என்றால் பெண்ணுக்குத்தான். அதனால் இத்தனை வீடு கட்டின நான் இன்றைக்கு இளைய மகளின் வீட்டில் முன் அறையில் இருக்கிறேன். அதில் ஒரு குறையும் இல்லை.

நான் ஒரு கட்சிக்குத் தலைவராகவும் இருந்தேன். அந்தக் கட்சியை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். வாக்குச்சீட்டில் அதன் பெயர் ஒரு நாளும் வரவில்லை. வராமல் போனதற்கு நான்தான் காரணம். அதை எழுதி வைக்கவேண்டும் என்றுதான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். சொல்வது நான், எழுதுவது என் இரண்டாவது மகள். அவள் எழுதுவதற்கு ஏன் தேவைப்படுகிறாள் என்பதும் இந்தக் கதைக்குள்தான் கிடக்கிறது.

கட்சியை முதலில் நினைத்தவன் என் மச்சான். கூடப் பிறந்த உறவு இல்லை. அவன் கட்டின பெண் தாய்வழிக் குடியில் எனக்குத் தங்கச்சி முறை, அந்த முறையில் அவன் மச்சான். கூட்டுறவுச் சங்கத்தில் முகாமையாளராக இருந்து ஓய்வுபெற்றவன். மெலிந்த ஆள், மெதுவாகக் கதைப்பான். அவன் எழுதினால் அச்சடித்த மாதிரி இருக்கும்.

ஒரு மாரிக்கு வாவி நிரம்பி எங்கள் வட்டை முழுக்கத் தண்ணீருக்குள் கிடந்தது. வட்டை என்றால் வயல்வெளி. கதிர் வெளிவராத குடலைப் பருவத்து நெல், மூன்று நாள் தண்ணீருக்குள் நின்றால் போய்விடும். தண்ணீர் கடலுக்குப் போக, மண் மூடின முகத்துவாரத்தை வெட்டிவிடச் சொல்லி ஆட்களைச் சேர்த்துக்கொண்டு ஒவ்வொரு கட்சிக்காரர் வீட்டுக்கும் போனோம். ஒருவர் வடக்கில் தலைமையிடம் கேட்கவேண்டும் என்றார். இன்னொருவர் கொழும்பில் கேட்கவேண்டும் என்றார். அவர்கள் கேட்டு முடிய நெல் அழுகிவிட்டது. திரும்பி வருகிற வழியில் மச்சான் சைக்கிளை உருட்டிக்கொண்டே சொன்னான்.

“வாவி இஞ்ச கிடக்கு. கேக்கிற இடம் அங்க கிடக்கு. எங்களுக்கெண்டு ஒண்டு வேணும் மச்சான்.”

“என்ன, இன்னொரு சங்கமா?”

“கட்சி.”

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

அடுத்து வந்த பிரதேச சபைத் தேர்தலில் சுயேச்சைக் குழுவாக இறங்கினோம். எங்களுக்குக் கிடைத்த சின்னம் மேசை விசிறி. கரண்ட் வெட்டு நடந்துகொண்டிருந்த காலம் அது. வீடு வீடாகப் போகும்போது பெண்கள் விட்டு வைக்கவில்லை.

“அண்ணன், உங்கட விசிறிக்கு வோட்டுப் போட்டா காத்து வருமா?”

“கரண்ட் வந்தா காத்தும் வரும், புள்ள.”

“அப்ப கரண்ட் வந்த பொறகு வாங்க, போடுறம்.”

அப்படியிருந்தும் ஒரு ஆசனம் கிடைத்தது. மச்சான்தான் உறுப்பினர். செங்கலடியில் மாலை போட்டுக் கூட்டி வந்தோம், மேளச் செலவு முழுக்க என்னுடையது. வெடி முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு அவன் மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சொன்னது எனக்கு நல்ல ஞாபகம்.

“இந்த முறை விசிறி. அடுத்த முறை வேற என்னத்தையோ தருவாங்க. அதுக்கடுத்த முறை இன்னொண்டு. பேரும் இல்ல, நம்பர்தான். தேர்தலுக்குத் தேர்தல் பேர் மாத்துற புள்ளைய ஆர் ஞாபகம் வைக்கிற? பதிஞ்ச கட்சியெண்டா பேர் ஒண்டு, சின்னம் ஒண்டு. நாங்க செத்தாலும் அது வாக்குச்சீட்டில கிடக்கும்.”

பதிவதற்கு என்னென்ன வேண்டும் என்று அவன் கொழும்பில் தேர்தல் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டான். வந்த கடிதத்தைப் படித்து எனக்கு விளங்கப்படுத்தினான். வருஷா வருஷம் பத்திரிகையில் அறிவித்தல் போடுவார்களாம், அப்போது விண்ணப்பிக்க வேண்டும். கட்சிக்கு யாப்பு, அதாவது சட்டதிட்டம் வேண்டும், கொள்கை எழுதி வைக்கவேண்டும், கணக்கறிக்கை வேண்டும். நிர்வாகிகளில் ஒரு பெண்ணாவது இருக்கவேண்டும். எல்லாத்துக்கும் மேலே, நாலைந்து வருஷமாகத் தொடர்ச்சியாக அரசியல் வேலை செய்து வந்தோம் என்று காட்டவேண்டும். அந்தத் ‘தொடர்ச்சியாக’ என்ற சொல்லுக்குக் கீழே அவன் சிவப்புப் பேனையால் இரண்டு கோடு போட்டிருந்தான்.

“இதுதான் கஷ்டம்,” என்றான். “மற்றதெல்லாம் ஒரு மாசத்தில செய்யலாம். இத ஒரு மாசத்தில செய்ய ஏலா.”

“நான் மூண்டு மாடி வீட்ட ஆறு மாசத்தில முடிச்சவன்.”

“இது சீமெந்து இல்ல மச்சான். இதுக்கு நாள்தான் கல்லு.”

அன்றிலிருந்து ஒவ்வொரு போயா லீவுக்கும், அதாவது மாதாமாதம் பூரணை நாளில், காலை பத்து மணிக்குக் கூட்டம். இடம் அவன் இருந்த வீடு, அதாவது தங்கச்சியின் சீதன வீடு. அந்த வீட்டைக் கட்டினதும் நான்தான். அவளுடைய தகப்பன் வந்து, ‘தம்பி, என்ட மகள் நூறு வருஷம் இருக்கிற மாதிரிக் கட்டு’ என்று சொல்லிக் கட்டுவித்தது. அந்த மண்டபத்தில் பதின்மூன்று பேர் இருப்போம். மச்சான் செயலாளர், நான் தலைவர், தங்கச்சி மகளிர் இணைப்பாளர். அவள் முன்பள்ளி ஆசிரியை. கூட்டத்தில் அவள் இரண்டு வார்த்தை கதைத்தால் அதிகம். தேத்தண்ணி கொண்டு வந்து வைத்துவிட்டுக் கதவோரத்தில் ஒரு கதிரையில் இருப்பாள்.

மொத்தமான, மட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பியில் மச்சான் கூட்டறிக்கை எழுதுவான். நான் கதைப்பேன், அவன் எழுதுவான். நான் அரை மணித்தியாலம் கதைத்ததை அவன் நாலு வரியில் எழுதிவிட்டு வாசித்துக் காட்டுவான். அந்த நாலு வரியைக் கேட்கும்போதுதான் நான் எவ்வளவு நல்லாகக் கதைத்திருக்கிறேன் என்று எனக்கே தெரியும். பிறகு கொப்பியை என் பக்கம் திருப்பி வைப்பான். நான் கையெழுத்துப் போடுவேன். என் கையெழுத்தை நீங்கள் பார்க்கவேண்டும். வங்கி முகாமையாளர் ஒருவர் அதைப் பார்த்து, ‘ஐயா எந்தப் பள்ளிக்கூடம்?’ என்று கேட்டிருக்கிறார்.

அந்தக் கையெழுத்துதான் என்னுடைய படிப்பு முழுக்க. பெரிய எழுத்தை வாசிப்பேன். பத்திரிகைத் தலைப்பு, பஸ் போர்ட், பேர்ப்பலகை எல்லாம் வாசிப்பேன். எழுத வராது. ல, ள, ழ மூன்றும் எனக்கு ஒரே ஆள். ஒரு வரி எழுதினால் பாதியில் எங்கே போனேன் என்று தெரியாமல் நின்றுவிடுவேன். வேலைத்தளத்தில் இதை ஒருவரும் கண்டதில்லை. அளவெல்லாம் என் தலைக்குள் இருக்கும், எழுத ஒரு ஆள் பக்கத்தில் இருப்பான். யாராவது கடதாசியை நீட்டினால், ‘கண்ணாடியை வீட்டில் விட்டுட்டன்’ என்று சொல்லுவேன். உண்மையில் அப்போது எனக்குக் கண்ணாடியே இல்லை. இது மச்சானுக்கு மட்டும் தெரியும். ஒரு நாளும் அவன் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. ஒரே ஒரு முறை சொன்னான், அதுவும் பகிடியாக: “கட்சிக்கு வாய் நீ, கை நான்.”

மூன்று வருஷம் ஒரு போயாவும் தவறவில்லை. ஒரு முறை வெள்ளத்தில் நாலு பேர்தான் வந்தோம். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கதிரையில் காலைத் தூக்கி வைத்துக் கூட்டம் நடத்தினோம். அதையும் எழுதினான்: ‘வெள்ளம் காரணமாக வருகை குறைவு.’

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அவனுக்கு நெஞ்சு நோவு வந்தது. ஆசுப்பத்திரியில் மூன்று நாள் இருந்தான். இரண்டாம் நாள் பின்னேரம் நான் போனபோது தங்கச்சி அவனுக்குத் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். அவன் என்னைக் கண்டதும் கையைக் காட்டிக் கிட்ட வரச் சொன்னான்.

“போயா எப்ப?”

“வாற கிழமை. நீ அதுக்குள்ள வந்திருவாய்.”

“வராட்டியும் நடத்து. கொப்பி மேசை லாச்சிக்குள்ள கிடக்கு.”

“நீ கதைக்காம படு மச்சான்.”

“மூண்டு பேர் வந்தாலும் நடத்து.”

“நடத்துறன்,” என்றேன். அவனுடைய கையைப் பிடித்துச் சொன்னேன். தங்கச்சி தோடம்பழத்தைப் பிளந்துகொண்டிருந்தாள். ஆட்கள் வந்துபோகிற நேரம், பக்கத்துக் கட்டிலில் பெரிய சத்தம், நாங்கள் கதைத்தது அவளுக்குக் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் அவன் போய்விட்டான்.

ரோட்டு நீளத்துக்கு வெள்ளைக் கொடி கட்டினேன். சவப்பெட்டி, பந்தல், மேளம், எல்லாவற்றையும் நானே நின்று செய்தேன். அந்தக் கிழமைப் போயா எட்டாம் நாள் சடங்குக்குள் வந்தது. அன்றைக்குக் கூட்டம் வைக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை, அதை நான் குற்றமாகச் சொல்லமாட்டேன். அடுத்த போயாவுக்கு முன்னம் முப்பத்தோராம் நாள் சடங்கு வந்தது. படையல் முடிந்து, சாப்பிட்டு, ஆண்கள் எல்லாரும் மண்டபத்தில் இருந்தார்கள். கட்சிக்காரர் பத்துப் பேரும் இருந்தார்கள். ஒருவர் கேட்டார், “தலைவர், போயாவுக்குக் கூட்டம் இருக்கா? இனிக் கொப்பிய ஆர் எழுதுற?”

இதைச் சொல்லத்தான் இத்தனை வளைந்து வந்தேன்.

பத்துப் பேரும் என்னைப் பார்த்தார்கள். அவர்கள் பார்வையில் ஒரு கேள்வியும் இல்லை, மரியாதைதான் இருந்தது. தலைவர் எழுதுவார், அல்லது யாரையாவது எழுதச் சொல்லுவார். அவ்வளவுதான். எனக்கு உள்ளங்கை வியர்த்தது. வேறு ஒருவரை எழுதச் சொன்னால், அவர் ஒரு நாள் வராவிட்டால் கொப்பி என் முன்னுக்கு வரும். ‘தலைவர், இந்த முறை நீங்க எழுதுங்க’ என்பார்கள். தங்கச்சியைக் கேட்டிருக்கலாம். அவளைவிட நல்லா எழுதுகிறவள் அங்கே இல்லை. கேட்டிருந்தால் அவளுக்கு ஏன் என்று சொல்லவேண்டும். பத்து ஆண்களுக்கு முன்னால், இத்தனை வீடு கட்டினவன்.

நான் எழும்பி நின்றேன். மேசை லாச்சியைத் திறந்து கொப்பியை எடுத்தேன். பந்தலில் கட்டின வெள்ளைச் சீலையில் மிச்சத் துண்டு ஒன்று கிடந்தது. அதால் கொப்பியைச் சுற்றிக் கட்டினேன்.

“என்ட மச்சான் செத்த வீடு, சாதாரண வீடில்ல,” என்றேன். “அவன் இந்தக் கட்சிக்குத் தகப்பன். தகப்பன் செத்தா ஒரு வருஷம் வீட்டில நல்ல காரியம் வைக்கிறல்ல. ஆண்டுத் திவசம் வரைக்கும் இந்தக் கட்சி துடக்கு வீடு. கூட்டம் இல்ல, மேடை இல்ல. அவன்ட இடத்தில ஒருவரும் குந்தக் கூடாது.”

பிறகு ஒரு வயதான ஆள் தோள் துண்டால் கண்ணைத் துடைத்தார். “இப்பிடி ஒரு மனிசன் வேணும்,” என்றார். உள்ளுக்குள்ளிருந்து தங்கச்சியின் அழுகை கேட்டது. முப்பத்தொரு நாளும் அழாதவள் அன்றைக்கு அழுதாள் என்று என் மனிசி வீட்டுக்கு வந்து சொன்னாள்.

ஊரில் ஒரு வருஷம் அதைப் பற்றிக் கதைத்தார்கள். கோயிலில், சந்தையில், பஸ்ஸில். ‘கட்சிக்கே துக்கம் காக்கிறார் பாஸ்’ என்றார்கள். எனக்கும் அது நாளாக ஆக உண்மை மாதிரித்தான் இருந்தது. ஆசுப்பத்திரியில் அவன் சொன்னது ஞாபகத்துக்கு வரும். வந்தால் எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லுவேன். செத்த வீட்டைப் பார்த்து, ஏன் கூட்டம் வைக்கவில்லை என்று எவன் கேட்பான்? கொழும்பிலும் மனிசர்தானே இருக்கிறார்கள்.

ஆண்டுத் திவசம் முடிந்த போயாவில் கொப்பியை அவிழ்த்தோம். தங்கச்சியைச் செயலாளராக்கினோம். அதை நான்தான் பிரேரித்தேன். கணவனுடைய கதிரை மனைவிக்கு என்று சொன்னபோது எல்லாரும் கைதட்டினார்கள். அவள் எழுதத் தொடங்கினாள், சின்ன எழுத்து, நேரான வரி. என் பயமும் தீர்ந்தது. அவ்வளவு லேசாகத் தீரக்கூடிய பயம்.

பின்னும் ஒரு வருஷம் போனது. பத்திரிகையில் அறிவித்தல் வந்தது. பத்திரங்களைச் சேர்க்க எல்லாரும் மண்டபத்தில் கூடினோம். எங்களில் ஒருவர் ஓய்வுபெற்ற கிராம சேவகர், விதானையார் என்று கூப்பிடுவோம். கந்தோர்க் கடதாசி வேலை தெரிந்த ஆள். கொப்பியைப் புரட்டிக்கொண்டு போனவர் ஓரிடத்தில் விரலை வைத்து நிறுத்தினார்.

“தலைவர், இதில ஒரு வருஷம் ஓட்டை.”

“அது துக்க வருஷம்.”

“துக்க வருஷம் எண்டு விண்ணப்பத்தில ஒரு கட்டம் இல்ல பாருங்க. தொடர்ச்சி எண்டுதான் கிடக்கு.”

விதானையார் குரலைத் தாழ்த்தினார்.

“ஒண்டும் கெட்டுப் போகல்ல. பழைய கொப்பி ஒண்டு எடுப்பம். ரெண்டு பேனை, ரெண்டு மை. அங்கயிங்க கொஞ்சம் தேத்தண்ணி சிந்துவம். பன்னிரண்டு போயா, பன்னிரண்டு பக்கம். ஒரு கிழமையில முடிச்சுத் தாறன்.”

“பொய்யா எழுதுற?” என்று ஒருவர் கேட்டார்.

“பொய் எண்டா என்ன? நாங்க அந்த வருஷமும் கட்சிக்காரர்தானே. கோயிலடியில நிண்டு கதைக்கல்லயா? அதுவும் கூட்டம்தான். வீட்டுக்காரி, செயலாளர், அவ ஒரு கையெழுத்துப் போட்டாச் சரி.”

நான் தங்கச்சியைப் பார்க்காமல் சொன்னேன், “மச்சான்ட ஆசை, புள்ள. அவன்ட ஆசைக்காக.”

அவள் கதவோரக் கதிரையில் இருந்தாள். செயலாளரான பிறகும் அவள் அந்தக் கதிரையை மாற்றவில்லை.

“அந்த வருஷம் இந்த மண்டபத்தில என்ன நடந்ததெண்டு எனக்குத் தெரியும் அண்ணன்,” என்றாள். “ஒண்டும் நடக்கல்ல. பாய் போட்டு நான்தான் படுத்துக் கிடந்த. ஆக்கள் வந்து தேத்தண்ணி குடிச்சுக் கூட்டம் வச்சதெண்டு என்ட கையால எழுத மாட்டன்.”

“எழுதுறது நான். நீங்க கையெழுத்து மட்டும்,” என்றார் விதானையார்.

“அதுவும் மாட்டன்.”

“அப்ப கட்சி போயிரும் தங்கச்சி.”

“போகட்டும். அண்ணன் ஒரு வருஷம் அவருக்காகக் கொப்பிய மூடினவர். ஊர் முழுக்கத் தெரியும். அத நான் அழிக்கவா?”

விதானையார் என்னைப் பார்த்தார், நான் ஏதாவது சொல்லுவேன் என்று. சொல்லியிருந்தால் அவள் கையெழுத்துப் போட்டிருப்பாளோ என்னவோ. ‘அது துக்கமில்ல புள்ள, பயம்’ என்று சொல்ல நாலு வார்த்தை போதும். “தங்கச்சி சொல்லுறது நியாயம்,” என்றேன். உள்ளதை உள்ளபடி அனுப்புவது என்று முடிவாயிற்று. அன்றைக்கும் இரண்டு பேர் என்னைப் புகழ்ந்துகொண்டு போனார்கள்.

நேர்முகத்துக்கு அழைத்துக் கடிதம் வந்தது. நானும் அவளும் விதானையாரும் முதல் நாளே கொழும்புக்குப் போய் அவளுடைய தம்பி வீட்டில் தங்கினோம். காலையில் போனோம். பெரிய கட்டடம், நல்ல வேலை. படியின் உயரம் எல்லாம் ஒரே அளவு. காத்திருந்த இடத்தில் எங்களைப் போல எத்தனையோ கட்சிகள், எத்தனையோ பைல்கள். ஒரு சிங்களப் பெரியவர் பக்கத்தில் இருந்தார், அவரும் ஒரு கட்சியாம். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் கதைத்தேன். ஏழாவது முறையாக வந்திருக்கிறேன் என்று விரலைக் காட்டினார்.

உள்ளே மூன்று பேர். ஒருவர் தமிழில் கதைத்தார், மரியாதையான மனிசர். யாப்பைப் பார்த்தார்கள், நல்லது என்றார்கள். கொள்கையைப் பார்த்தார்கள், வாவியைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டார்கள். நான் முகத்துவாரம் வெட்டுகிற கதையைச் சொன்னேன், மற்ற இருவருக்கும் அவர் மொழிபெயர்த்தார், மூன்று பேரும் கவனமாகக் கேட்டார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அவர் பிறகு கூட்டறிக்கையைப் புரட்டினார்.

“ஐயா, இங்க ஒரு வருஷத்துக்கு ஒன்றுமே இல்லையே?”

நான் ஆயத்தமாகத்தான் போயிருந்தேன்.

“நான் மேசன் வேலைக்காரன் ஐயா. மாரி வந்தால் சுவரைப் பாதியில் நிறுத்துவம். வெயில் வந்ததும் விட்ட வரியில இருந்து கட்டுவம். அதுக்காக அது ரெண்டு சுவராகிறல்ல. ஒரே சுவர்தான்.”

அவர் அதை மற்ற இருவருக்கும் சொன்னார். ஒருவர் சிரித்துத் தலையாட்டினார்.

“நல்லாச் சொன்னீங்க,” என்றார் தமிழ்க்காரர். “ஆனா சட்டத்தில தொடர்ச்சியாக என்று இருக்கு. அந்த வருஷம் ஏதாவது செய்திருந்தா காட்டுங்க. ஒரு துண்டுப்பிரசுரம், ஒரு கடிதம், ஒரு படம். ஏன் நிற்பாட்டினீங்க?”

நான் வாயைத் திறக்குமுன் தங்கச்சி கதைத்தாள். வெளியாட்களுக்கு முன்னால் அவள் அவ்வளவு நீளமாகக் கதைத்து நான் கேட்டதில்லை.

“அந்த வருஷம் எங்கட செயலாளர் இறந்தவர். என்ட அவர். நான் கேட்கல்ல, ஒருவரும் கேட்கல்ல. இந்த அண்ணன்தான் எழும்பி நிண்டு, ஒரு வருஷம் கட்சிக்குத் துக்கம் எண்டு சொல்லிக் கொப்பியை மூடினவர். பதிவு போகும் எண்டு அவருக்கும் தெரியாமலா இருக்கும்? தெரிஞ்சும் செய்தவர். அதுக்கு மேல எங்களிட்டக் காட்ட ஒண்டும் இல்ல ஐயா.”

தமிழ்க்காரர் கொப்பியை மூடி வைத்தார். பிறகு அவளைப் பார்த்து, “விளங்குது அம்மா” என்றார். என்னைப் பார்த்தும் தலையைச் சற்றுக் குனிந்தார். ஒரு அரச உத்தியோகத்தர், கோட் போட்டவர், எனக்குத் தலை குனிந்தார். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மரியாதைகளில் அதுதான் பெரியது. நான் மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. நிபந்தனை நிறைவேறவில்லை, இன்னொரு முறை விண்ணப்பிக்கலாம் என்று. இன்னொரு முறை என்றால் நாள் திரும்பவும் முதலிலிருந்து. எனக்கு எழுபத்திரண்டு வயது. ஒரு பெரிய கட்சி வந்து எங்கள் ஆட்களுக்குத் தன் பட்டியலில் இடம் தருவதாகச் சொன்னது. விதானையார் முதலில் போனார். நேரே வந்து சொல்லிவிட்டுத்தான் போனார், அதற்கு நன்றி. மற்றவர்கள் சொல்லாமல் போனார்கள். ஒரு போயாவுக்கு நான் போனபோது மண்டபத்தில் தங்கச்சி மட்டும் இருந்தாள். முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு நிறக் கடதாசியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கதிரைகளைச் சுவரோடு அடுக்கி வைத்திருந்தாள்.

“ஒருவரும் வரல்லயா புள்ள?”

“இனி வரமாட்டாங்க அண்ணன்.”

நான் ஒரு கதிரையை எடுத்துப் போட்டு இருந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆறுதல் சொல்லுகிற மாதிரிச் சொன்னாள்.

“நீங்க யோசிக்காதீங்க. கட்சி போனது எனக்கும் கவலைதான். ஆனா அவருக்கு நீங்க செய்தது ஒண்டு இருக்கே, அது போதும். ஆரும் ஆருக்கும் அப்பிடிச் செய்யிறல்ல. நான் விழுந்து கிடந்த வருஷம், நான் மட்டும் விழுந்து கிடக்கல்ல, ஒரு கட்சியே விழுந்து கிடக்கு எண்டு நினைச்சுத்தான் எழும்பின.”

அதைக் கேட்டுக்கொண்டு இருக்க என்னால் ஏலாமல் போய்விட்டது. சொன்னேன். எழுத வராது என்பதைச் சொன்னேன். கண்ணாடி இல்லாத கண்ணாடிக் கதையைச் சொன்னேன். முப்பத்தொன்று அன்றைக்குக் கை வியர்த்ததைச் சொன்னேன். ஆசுப்பத்திரியில் அவன் மூன்று பேர் வந்தாலும் நடத்து என்று சொன்னதையும், நான் கையைப் பிடித்து ஓம் என்றதையும் சொன்னேன். மனதில் ஒரு பாரம் இறங்கும் என்றுதான் எதிர்பார்த்தேன்.

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். கோபப்படுவாள் என்று பார்த்தேன். கட்சி போனதைக் கேட்பாள் என்று பார்த்தேன். பதிவைப் பற்றி ஒரு சொல்லும் அவள் சொல்லவில்லை.

“அப்ப அவருக்கு அந்த வருஷம் ஒருவரும் துக்கம் காக்கல்லயா?” என்று கேட்டாள்.

“காத்தன் புள்ள. நானும் காத்தன். அதுவும் உண்மை.”

“எது உண்மை?”

அரை மணித்தியாலம் மூச்சு விடாமல் மேடையில் கதைக்கிறவன் நான். இரண்டும் உண்மை என்று அவளுக்கு எப்படிச் சொல்லுவது? எத்தனை பங்கு பயம், எத்தனை பங்கு துக்கம் என்று கேட்டால் எனக்கே தெரியாது. அவன் போனபிறகு வேலைத்தளத்தில் நான் ஒதுங்கிப் போய் நின்று அழுத நாட்கள் இருக்கின்றன, அதை ஒருவரும் காணவில்லை. ஊர் கண்டது நான் கொப்பியை மூடினதைத்தான்.

அவள் எழும்பிக் குசினிக்குப் போனாள். தேத்தண்ணி கொண்டு வந்து முன்னுக்கு வைத்தாள், சீனி நான் குடிக்கிற அளவுக்குத்தான் போட்டிருந்தாள். பிறகு வெட்டின மீன்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே சொன்னாள்.

“குடிச்சிட்டுப் போங்க, தலைவர்.”

அவள் கதைக்கப் பழகின நாளிலிருந்து என்னை அண்ணன் என்றுதான் கூப்பிட்டவள். கோயிலில் கண்டால் இப்போதும் நின்று சுகம் கேட்பாள், ஒரு குறையும் வைக்கமாட்டாள். ‘சுகமா, தலைவர்?’ என்று கேட்பாள். கட்சி இல்லை, ஆட்கள் இல்லை. அந்தப் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட இந்த ஊரில் இனி அவள் ஒருத்திதான்.